முழுமைக்கு ஓர் ஆங்கிலச் சொல்



இன்றைய பேச்சில் ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு அதன் பொருளையும் பிறப்பையும் பார்க்கப் போகிறோம். அது மிகச் சிறிய சொல். 'ஹோல்' என்பது அதன் ஒலி. டபள்யூ, எச், ஓ, எல், இ என்னும் ஐந்து எழுத்துகளால் எழுதப்படுகிறது. முழுமை, முழுவதும், சிதையாதது, குறைபடாதது என்றெல்லாம் அதற்குத் தமிழில் பொருள் சொல்லலாம்.

ஒரு சொல்லைப் பற்றிப் பேச இவ்வளவு நேரம் வேண்டுமா என்று நீங்கள் நினைக்கலாம். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. தோட்டங்களில் வாழும் பெற்றோர் பலர், "நமக்கு ஆங்கிலம் தெரியாது, பிள்ளைக்கு நாம் என்ன சொல்லிக் கொடுக்க முடியும்?" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால், சொற்களும் மனிதர்களைப் போலவே குடும்பம் குடும்பமாக வாழ்பவை. ஒரு வீட்டுக்காரரைத் தெரிந்துகொண்டால் அவருடைய அண்ணன் தம்பிகளையும் மாமன் மைத்துனர்களையும் அடையாளம் கண்டுகொள்ளலாம் அல்லவா? அதுபோல, இந்த ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டால் அதன் உறவுச் சொற்கள் ஏழெட்டு தாமாகவே விளங்கிவிடும். அவற்றில் பாதி, கடையிலும் மருந்தகத்திலும் பிள்ளையின் பாடப் புத்தகத்திலும் நாம் ஏற்கெனவே கேட்டுப் பழகியவைதான். இது முதற்காரணம். உடல்நலம் என்றால் உண்மையில் என்ன என்ற பெரிய கேள்விக்கு இந்தச் சிறிய சொல்லுக்குள் ஒரு விடை இருக்கிறது என்பது இரண்டாவது காரணம். அதைப் பேச்சின் இறுதியில் பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'ஹோல்' என்ற ஒலியுடைய சொற்கள் இரண்டு உண்டு. ஒன்று முழுமை என்னும் பொருளுடையது. மற்றொன்று ஓட்டை, துளை, குழி என்னும் பொருளுடையது. ஓட்டையைக் குறிக்கும் சொல்லில் முதலில் வரும் டபள்யூ எழுத்து கிடையாது. எச், ஓ, எல், இ என்னும் நான்கு எழுத்துகள்தாம். இரண்டையும் காதால் கேட்கும்போது வேறுபாடு தெரியாது. ஒன்று, ஒன்றும் குறையாதது. மற்றொன்று, குறைந்துபோன இடம். பொருளில் ஒன்றுக்கொன்று நேர் எதிர். இரண்டுக்கும் பிறப்பிலும் உறவில்லை. ஆகவே, பிள்ளை எழுதும்போது டபள்யூவை விட்டுவிட்டால் முழு அப்பம் என்று எழுத நினைத்தது ஓட்டை அப்பமாகிவிடும். இதை ஒருமுறை சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டால் பிள்ளை பிறகு மறக்காது.

அடுத்து, இன்னொரு வேறுபாடு. நிறைவு என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஃபுல்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதுவும் 'ஹோல்' என்பதும் ஒன்றுதானா? அல்ல. பால் மரத்தில் நாம் கட்டி வைக்கும் மங்கை நினைத்துப் பாருங்கள். காலையில் வெட்டிய பால் விளிம்பு வரை வந்துவிட்டால் அந்த மங்கு 'ஃபுல்'. மங்கு உடையாமல், விரிசல் விடாமல், விளிம்பு போகாமல் இருந்தால் அது 'ஹோல்'. பால் ஒரு சொட்டுக்கூட இல்லாத காலி மங்கும் 'ஹோல்' ஆக இருக்கலாம். நிரம்பிய மங்கும் விரிசல் விட்டதாக இருக்கலாம். 'ஃபுல்' என்பது உள்ளே இருப்பதைப் பற்றிய பேச்சு. 'ஹோல்' என்பது பொருளே சிதையாமல் இருப்பதைப் பற்றிய பேச்சு. பூரணம், பூரண கும்பம் என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பூரணம் என்ற வடசொல்லுக்கு நிரம்பியது என்பதே அடிப்படைப் பொருள். அந்த வடசொல்லும் ஆங்கில 'ஃபுல்'லும் தொலைவான உறவினர் என்று மொழி ஆராய்ச்சியாளர் காட்டியிருக்கிறார்கள். ஆகவே பூரணம் 'ஃபுல்'லின் பக்கம் நிற்கிறது. சிதையாத முழுமையோ 'ஹோல்' பக்கம் நிற்கிறது.

இனி, 'ஹோல்' எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இங்கிலாந்தில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பேசிய மொழியைப் பழைய ஆங்கிலம் என்பார்கள். அந்த மொழியில் இந்தச் சொல் 'ஹால்' என்று நெடிலாக ஒலித்தது. அதற்கு அன்றே இரண்டு பொருள்கள் சேர்ந்து இருந்தன. குறைவுபடாத பொருள் ஒன்றையும் 'ஹால்' என்றார்கள். காயமோ நோயோ இல்லாத மனிதனையும் 'ஹால்' என்றார்கள். உடையாத பானைக்கும் நோயில்லாத ஆளுக்கும் ஒரே சொல்! ஜெர்மானிய மொழி, டச்சு மொழி, வட ஐரோப்பிய மொழிகள் ஆகியவற்றிலும் இதே சொல்லின் கிளைகள் இன்றும் வழங்குகின்றன. ஜெர்மானியர் நோய் தீர்த்தலைக் குறிக்க 'ஹைலன்' என்று சொல்வது இதன் கிளைதான்.

பழைய ஆங்கிலத்தில் ஆகாரமாக ஒலித்த பல சொற்கள் காலப்போக்கில் தென் இங்கிலாந்தில் ஓகாரமாக மாறின. 'ஸ்தான்' என்றது 'ஸ்டோன்', அதாவது கல், ஆயிற்று. 'ஹாம்' என்றது 'ஹோம்', அதாவது வீடு, ஆயிற்று. அதே வழியில் 'ஹால்' என்றது 'ஹோல்' ஆயிற்று. வட இங்கிலாந்துக்காரர்கள் மட்டும் பழைய ஒலியை விட்டுவிடாமல் வைத்திருந்தார்கள். அவர்களிடமிருந்து வந்த வடிவம்தான் 'ஹேல்'. வயது முதிர்ந்தும் திடகாத்திரமாக இருக்கும் பெரியவரை ஆங்கிலத்தில் 'ஹேல் அண்ட் ஹார்ட்டி' என்று சொல்வார்கள். அந்த 'ஹேல்' வேறு யாருமல்லர், 'ஹோல்' என்பவரின் வடநாட்டு அண்ணன்.

அப்படியானால் ஒலிக்காத அந்த டபள்யூ எங்கிருந்து வந்தது? பழைய காலத்தில் அந்த எழுத்து இல்லை. பதினைந்தாம் நூற்றாண்டில்தான் அது நுழைந்தது. அந்நாளில் இங்கிலாந்தின் சில வட்டாரங்களில் இத்தகைய சொற்களின் முன்னே வகர ஒலி சேர்த்துப் பேசும் வழக்கம் தோன்றியது. எழுதுவோர் சிலர் அதற்கேற்ப டபள்யூ சேர்த்து எழுதினார்கள். 1476இல் வில்லியம் காக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்தில் முதல் அச்சகத்தை நிறுவினார். அச்சுப் புத்தகம் பெருகப் பெருக, எழுத்து முறைகள் சிறிது சிறிதாக நிலைபெற்றன. டபள்யூ எழுத்தில் தங்கிவிட்டது, ஒலியோ நிலைக்கவில்லை. இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. ஒன்று என்னும் எண்ணை ஆங்கிலத்தில் 'வன்' என்கிறோம். எழுதும்போது அதில் டபள்யூ கிடையாது. அங்கே வகரம் வாயில் தங்கி, எழுத்தில் ஏறவில்லை. இங்கே எழுத்தில் ஏறி, வாயில் தங்கவில்லை. பிள்ளைகள் ஆங்கில எழுத்துக் கூட்டலைக் கண்டு அலுத்துக்கொள்ளும்போது இந்தக் கதையைச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டலும் ஒருவகைச் சரித்திரம் என்பது அவர்களுக்குப் புரியும்.

இப்போது இந்தக் குடும்பத்தில் எல்லாரும் அறிந்த மகளைச் சந்திப்போம். அவள் பெயர் 'ஹெல்த்'. உடல்நலம் என்று பொருள். ஆங்கிலத்தில் ஒரு பண்பைப் பெயராக்க 'த்' என்னும் ஈறு சேர்ப்பது பழைய வழக்கம். 'டீப்' என்றால் ஆழமான. 'டெப்த்' என்றால் ஆழம். 'லாங்' என்றால் நீளமான. 'லெங்த்' என்றால் நீளம். 'ஸ்ட்ராங்' என்றால் பலமான. 'ஸ்ட்ரெங்த்' என்றால் பலம். இதே முறையில் 'ஹோல்' என்பதன் பழைய வடிவத்தோடு 'த்' சேர்ந்து 'ஹெல்த்' பிறந்தது. ஆகவே, உடல்நலம் என்று நாம் மொழிபெயர்க்கும் சொல்லுக்கு உள்ளே இருக்கும் பொருள் முழுமை என்பதுதான்.

அவளுக்கு ஒரு தம்பி உண்டு: 'ஹீல்'. ஆற்றுதல், குணப்படுத்துதல் என்று பொருள். காயம் ஆறுவதையும் இச்சொல்லால் குறிப்பார்கள். இதற்கு நேர்ப்பொருள் முழுமையாக்குதல். பால் வெட்டும் கத்தி விரலில் பட்டுவிட்டது என்று வையுங்கள். தோல் பிளந்து இரண்டாகிவிட்டது. சில நாள்களில் பிளந்தது கூடி ஒன்றாகிறது. உடைந்தது மீண்டும் முழுதாவதே 'ஹீல்'. குதிகாலுக்கும் ஆங்கிலத்தில் 'ஹீல்' என்றே ஒலி. ஆனால் எழுத்து வேறு, குடும்பமும் வேறு. நம் தமிழில் இதையே குணமாயிற்று, சொஸ்தமாயிற்று, தேறிவிட்டது என்கிறோம். சொஸ்தம் என்பது வடமொழியிலிருந்து வந்தது. தன் இயல்பான நிலையில் நிற்றல் என்று அதற்குப் பொருள். ஒரு மொழி நோய் தீர்வதை முழுதாதல் என்று பார்த்தது. மற்றொன்று தன்னிலைக்குத் திரும்புதல் என்று பார்த்தது. இரண்டும் நல்ல பார்வைகளே.

முழுமைக்கும் வாழ்த்துக்கும் உள்ள உறவு இன்னும் சுவையானது. பழைய ஆங்கிலேயர் ஒருவரையொருவர் சந்திக்கும்போது 'வெஸ் ஹால்' என்று வாழ்த்துவது வழக்கம். முழுதாக இரு, குறைவின்றி இரு என்று அதற்குப் பொருள். வட ஐரோப்பியக் கடலோடிகளும் அதே கருத்தில் வாழ்த்துவார்கள். அவர்களுடைய மொழியிலிருந்து வந்த 'ஹெய்ல்' என்னும் வாழ்த்துச் சொல் இன்றும் ஆங்கிலப் பாடல்களிலும் பழைய நூல்களிலும் காணப்படும்.

இதைக் கேட்கும்போது நம் நாட்டு மொழி ஒன்று நினைவுக்கு வரவில்லையா? மலாய் நண்பரைக் காலையில் கண்டால் 'செலாமாட் பாகி' என்கிறோம். செலாமாட் என்பது அரபு மொழியிலிருந்து மலாய்க்கு வந்த சொல். பழுதின்மை, பாதுகாப்பு, ஆபத்தில்லாமை என்பது அதன் மூலப் பொருள். காலைப் பொழுது குறைவின்றிக் கழியட்டும் என்பதே அந்த வாழ்த்து. உடல்நலத்துக்கு மலாய்ச் சொல் 'சிஹாட்'. அரசாங்க மருந்தகப் பலகையில் 'கெசிஹாத்தான்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் அரபு வழி வந்ததே. செல்லுபடியாகும் பத்திரத்தை 'சா' என்கிறார்களே, அந்தச் சொல்லும் இதே வேரில் பிறந்தது. பழுதில்லாத பத்திரம் ஒன்று. பழுதில்லாத உடம்பு மற்றொன்று.

நம்முடைய வழக்கத்திலும் இதற்கு ஒரு சான்று உண்டு. திருமணத்தில் மணமக்கள் மீது தூவும் அட்சதையை எண்ணிப் பாருங்கள். அட்சதை என்ற வடசொல்லுக்கு முறியாதது, ஊறுபடாதது என்று பொருள். அதனால்தான் அட்சதைக்கு முனை முறியாத அரிசியாகப் பொறுக்கி எடுப்பார்கள். முறிந்த அரிசியைத் தூவி, முறியாமல் வாழுங்கள் என்று வாழ்த்துவது பொருந்துமா? ஆங்கிலேயர் சொல்லால் சொன்னதை நாம் அரிசியால் சொல்கிறோம்.

இதே குடும்பத்தில் பிறந்த இன்னொரு சொல் 'ஹோலி'. புனிதமான, தெய்வத்தன்மையுள்ள என்று பொருள். புனிதமான பொருளை யாரும் சிதைக்கக் கூடாது, முழுமை கெடாமல் காக்க வேண்டும் என்ற கருத்திலிருந்து இப்பொருள் வளர்ந்திருக்கும் என்பது மொழியறிஞர்களின் கருத்து. 'ஹோலி' என்பதோடு நாள் என்னும் பொருளுடைய 'டே' சேர்ந்து 'ஹாலிடே' ஆயிற்று. முன்னாளில் அது புனித நாள், திருநாள். திருநாள்களில் வேலை இல்லை. ஆகவே நாளடைவில் வேலையில்லாத நாள் எதுவானாலும் 'ஹாலிடே' ஆயிற்று. பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகள் துள்ளிக் குதிக்கும்போது அவர்கள் வாயில் வருவது, உண்மையில் முழுமையின் பேரப்பிள்ளை!

இனிக் கடைத்தெருவுக்குப் போவோம். மொத்த வியாபாரத்தை ஆங்கிலத்தில் 'ஹோல்சேல்' என்கிறார்கள். 'சேல்' என்றால் விற்பனை. மூட்டையைப் பிரிக்காமல், பெட்டியை உடைக்காமல், முழுதாக விற்பது 'ஹோல்சேல்'. சில்லறை வியாபாரத்துக்கு 'ரீடெய்ல்' என்று பெயர். அது பிரெஞ்சு மொழி வழி வந்த சொல். துண்டாக வெட்டுதல் என்பது அதன் அடிப்படை. துணி வெட்டித் தைப்பவருக்கு 'டெய்லர்' என்று பெயர் வந்ததும் அதே வெட்டும் வேரிலிருந்துதான். ஒருவர் முழுதாக விற்கிறார். மற்றவர் வெட்டி விற்கிறார். தமிழிலும் இதே கருத்துதான் இருக்கிறது. சில், சில்லு என்றால் சிறு துண்டு. அந்த உறவில் வந்தது சில்லறை. மலாய் மொழியில் மொத்த விற்பனை 'போரோங்', சில்லறை 'ருஞ்சிட்'. நாம் அன்றாடம் போகும் 'கெடை ருஞ்சிட்' என்பது கொஞ்சம் கொஞ்சமாக விற்கும் கடை. மூன்று இனத்து மக்களும் ஒருவரையொருவர் கேட்காமலே ஒரே மாதிரி எண்ணியிருக்கிறார்கள் பாருங்கள்.

ரொட்டிக் கடையில் 'ஹோல்மீல்' ரொட்டி என்று ஒன்று விற்கிறார்கள். முழுச் சாப்பாட்டு ரொட்டி என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இந்த இடத்தில் வரும் 'மீல்' என்பது சாப்பாடு அன்று, மாவு. அரைக்கும் ஆலையைக் குறிக்கும் 'மில்' என்ற சொல்லுக்கு உறவானது. சாப்பாட்டைக் குறிக்கும் 'மீல்' வேறொரு பழஞ்சொல்லிலிருந்து வந்தது. கோதுமையின் உமியடுத்த தவிட்டையும் முளையையும் நீக்காமல் முழுத் தானியத்தையும் அரைத்த மாவே 'ஹோல்மீல்'. வெள்ளை மாவில் இவை நீங்கிவிடும். நார்ச்சத்தும் பல சத்துகளும் அவற்றோடு போய்விடும். கைக்குத்தல் அரிசியை நம் பாட்டிமார் விரும்பிச் சமைத்ததன் பின்னே இருந்த உண்மையும் இதுதான்.

அரிசியைச் சொன்னதும் இன்னொன்று. நம் நாட்டில் விற்கும் அரிசிப் பைகள் சிலவற்றில் 5 விழுக்காடு, 10 விழுக்காடு, 15 விழுக்காடு என்று எழுதியிருக்கும். அது அதில் கலந்துள்ள உடைந்த அரிசியின் அளவு. எண் குறையக் குறைய முழு அரிசி கூடுதல், விலையும் கூடுதல். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கும் இது புதிதன்று. ஆலையில் தேயிலையைத் தரம் பிரிக்கும்போது முழு இலை, உடைந்த இலை, தூள் என்று பிரிப்பார்கள். உடைந்தது கெட்டது என்று பொருளல்ல. கடுஞ்சாயம் சீக்கிரம் இறங்குவது உடைந்த இலையிலும் தூளிலும்தான். ஆனாலும், உடையாதது எது, உடைந்தது எது என்று பிரித்துப் பெயரிடும் பழக்கம் மனிதனுக்கு எல்லாத் தொழிலிலும் இருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்தில் முழு எண் என்று ஒரு பாடம் உண்டு. ஆங்கிலத்தில் 'ஹோல் நம்பர்'. மலாய் மொழியில் 'நொம்போர் புலாட்', அதாவது உருண்டையான எண். ஒன்று, இரண்டு, மூன்று என்று உடையாமல் வருபவை இவை. அரை, கால், முக்கால் போன்றவற்றை நாம் பின்னம் என்கிறோம். பின்னம் என்ற வடசொல்லுக்கு உடைந்தது, பிளந்தது என்று பொருள். மலாய் மொழியில் 'பெச்சாஹான்'. பெச்சா என்றால் உடைதல் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆங்கிலத்தில் 'ஃப்ராக்ஷன்'. அது உடைத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எலும்பு முறிந்தால் மருத்துவர் 'ஃப்ராக்சர்' என்கிறாரே, அதுவும் அதே வேர்தான். மூன்று மொழிகளிலும் பின்னம் என்றால் உடைந்த எண்! பிள்ளை பின்னக் கணக்கைக் கண்டு மிரளும்போது ஒரு தோசையை நான்காகப் பிட்டு வைத்துக் காட்டுங்கள். நான்கு கால் துண்டுகள் சேர்ந்தால் மீண்டும் ஒரு 'ஹோல்' என்று சொல்லுங்கள். கணக்கும் வரும், ஆங்கிலமும் வரும்.

இலத்தீனில் முழுமைக்கு இன்னொரு சொல் உண்டு: 'இன்டெகெர்'. தொடப்படாதது என்று அதன் பொருள். கணக்கில் 'இன்டிஜர்' என்று வரும் சொல் இதுவே. நேர்மை என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தில் 'இன்டெக்ரிட்டி' என்பதும், மலாயில் 'இன்டெக்ரிட்டி' என்றே எடுத்துக்கொண்டிருப்பதும் இதன் வழி வந்தவை. சொல்லும் செயலும் பிளவுபடாதவன் நேர்மையானவன். வீட்டில் ஒன்று, வெளியில் ஒன்று என்று இரண்டாக உடையாதவன் முழு மனிதன்.

இச்சொல்லைப் பேச்சில் ஆளும் முறை பற்றி ஓரிரண்டு குறிப்புகள். 'ஆல்' என்றாலும் எல்லாம், 'ஹோல்' என்றாலும் முழுவதும். இரண்டும் ஒன்றுதானே என்று மாற்றிப் போட்டுவிடக் கூடாது. பலவற்றை எண்ணி, ஒன்றும் விடாமல் சொல்லும்போது 'ஆல்' வரும். பிள்ளைகள் எல்லாரும் என்றால் 'ஆல் த சில்ரன்'. ஒரே பொருளை முழுதாகச் சொல்லும்போது 'ஹோல்' வரும். முழு வகுப்பும் என்றால் 'த ஹோல் கிளாஸ்'. நாள் முழுவதும் என்றால் 'த ஹோல் டே'. நாட்டின் பெயரையோ ஊரின் பெயரையோ சொல்லும்போது இடையில் 'ஆஃப்' சேர்க்க வேண்டும். மலேசியா முழுவதும் என்றால் 'த ஹோல் ஆஃப் மலேசியா'. இந்த நான்கு எடுத்துக்காட்டுகளை மனத்தில் நிறுத்தினால் தேர்வில் தவறு வராது.

நேயர்களே, இப்போது தொடக்கத்தில் சொன்ன பெரிய கேள்விக்கு வருவோம். 'ஹெல்த்' என்றால் முழுமை என்று பார்த்தோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சாசனம் 1946இல் கையெழுத்தாகி, 1948 ஏப்ரல் 7ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அந்த நாளைத்தான் உலகச் சுகாதார நாளாகக் கொண்டாடுகிறார்கள். உடல்நலம் என்றால் நோயில்லாமல் இருப்பது மட்டுமன்று. உடல், மனம், சமூக வாழ்வு மூன்றும் முழுமையாக நன்றாக இருக்கும் நிலையே உடல்நலம் என்ற கருத்தை அந்தச் சாசனம் கூறுகிறது. பெரிய அறிஞர்கள் கூடி எழுதிய அந்தக் கருத்து, ஆயிரம் ஆண்டுக்கு முன் கலப்பை பிடித்த உழவர் வாயில் வழங்கிய 'ஹால்' என்ற சொல்லிலேயே இருந்தது என்பதுதான் வியப்பு.

இதை நம் வாழ்வோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். உழைக்கும் மக்களாகிய நாம் உடம்பைத் துண்டு துண்டாகப் பார்க்கப் பழகிவிட்டோம். கை நன்றாக இருந்தால் கத்தி பிடிக்கலாம்; கால் நன்றாக இருந்தால் நிரை ஏறலாம்; தோள் நன்றாக இருந்தால் செம்பனைக் குலை தூக்கலாம். வேலைக்கு வேண்டிய உறுப்பு ஓடினால் போதும், மற்றவை எப்படிப் போனாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுகிறோம். தலை சுற்றுகிறதா, ஒரு மாத்திரை. முதுகு வலிக்கிறதா, கொஞ்சம் தைலம். இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் வலி காட்டாமல் வளரும் நோய்கள். கையும் காலும் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவை உள்ளே ஆளைத் தின்றுகொண்டிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது மருந்தகத்துக்குப் போய் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்துக்கொள்வது, மங்கில் விரிசல் இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பது போன்றது. பால் ஒழுகிய பிறகு பார்ப்பதில் பயன் என்ன?

மனமும் அப்படித்தான். வேலைக்குப் போகிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார். ஆனால் மாதக் கணக்கில் யாரோடும் பேசுவதில்லை, எதிலும் நாட்டமில்லை. அவருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று சொல்லிவிடுகிறோம். முழுமை என்ற அளவுகோலை வைத்துப் பார்த்தால் அவரும் நோயாளிதான். அவருக்கும் மருத்துவம் உண்டு. அதை வெட்கமாக நினைக்கக் கூடாது. குடி ஒரு வீட்டை உடைக்கும்போதும் அப்படியே. குடிப்பவரின் ஈரல் மட்டுமல்ல, மனைவியின் நிம்மதியும் பிள்ளையின் படிப்பும் சேர்ந்தே உடைகின்றன. வீட்டை ஒரே உடம்பாகப் பார்த்தால்தான் இது கண்ணில் படும்.

குடியிருக்கும் வீடும் குடிக்கும் தண்ணீரும் நலத்தின் பகுதிகளே. இதனால்தான் 1990ஆம் ஆண்டு இயற்றிய தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டத்தில் வீடு, தண்ணீர், குழந்தைகள் காப்பகம், மருத்துவ வசதி ஆகியவற்றுக்கெல்லாம் விதிகள் வந்தன. வேலையில் விபத்து நேர்ந்தவர்களுக்காக 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி 1971இல் சொக்சோ நிறுவனம் தொடங்கியது. நட்டம் அடைந்தவரை ஈடுகொடுத்து முன்போல ஆக்குவதை ஆங்கிலத்தில் 'மேக் ஹோல்' என்பார்கள். முழுதாக்குதல் என்று பொருள். போன விரல் பணத்தால் முளைத்துவிடாது. ஆனாலும், ஒருவருக்கு நேர்ந்த விபத்தால் அவர் குடும்பமே சிதைந்துவிடக் கூடாது என்ற எண்ணம் அந்தச் சொல்லில் இருக்கிறது. ஆகவே, வேலையிடத்தில் அடிபட்டால் சிறு காயம்தானே என்று மறைக்காமல் உடனே தெரிவித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். உரிமையைக் கேட்பது பிச்சை கேட்பதாகாது.

ஓர் ஐயம் எழலாம். விபத்தில் ஒரு விரலையோ காலையோ இழந்தவர் இனி முழு மனிதர் இல்லையா? இந்தச் சொல்லின் வரலாறே அதற்கு விடை சொல்கிறது. ஆறிய காயத்துக்கும் 'ஹீல்' என்றே பெயர். தழும்பு இருப்பதால் அது ஆறவில்லை என்று யாரும் சொல்வதில்லை. வெட்டிய பட்டை மீண்டும் வளர்ந்து மூடிய மரத்தில் வடு தெரியும். அந்த மரம் பால் கொடுக்காமலா போகிறது? உழைப்பும் உறவும் மதிப்பும் கூடி வந்தால் அவரும் முழு மனிதரே. அவரைக் குறையாகப் பார்க்கும் கண்ணில்தான் குறை.

இன்று வீட்டில் பிள்ளைகளோடு உட்காரும்போது ஒரு தாளில் 'ஹோல்' என்று நடுவில் எழுதச் சொல்லுங்கள். அதைச் சுற்றி 'ஹெல்த்', 'ஹீல்', 'ஹேல்', 'ஹோலி', 'ஹாலிடே', 'ஹோல்சேல்', 'ஹோல்மீல்' ஆகிய ஏழையும் எழுதச் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் உள்ள உறவைப் பிள்ளை உங்களுக்குச் சொல்லட்டும். நீங்கள் தமிழில் அதற்கு ஈடு சொல்லுங்கள். ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் இப்படி ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கலாம்.

மீண்டும் அடுத்த பேச்சில் சந்திப்போம். அதுவரை அனைவரும் நலமாக, குறைவின்றி இருங்கள்.